இந்துப்பு மலையிலிருந்து வந்ததா, மலை இந்துப்பின் மேல் வந்ததா?

கேள்வி இதுதான்: "கடையில் இமயமலை உப்பு என்று இளஞ்சிவப்பாக ஒரு பாக்கெட் தருகிறார்கள். உப்பு கடலில்தானே விளையும்? இமயமலைக்கு அது எப்படிப் போனது? மலை எழும்பும்போது கடலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டதா, அல்லது வெறும் விற்பனைத் தந்திரமா?"

விற்பனைத் தந்திரம் கொஞ்சம் உண்டு. பாக்கெட்டில் பனி மூடிய சிகரம் அச்சடித்திருக்கும். அந்த உப்புக்கும் பனிக்கும் சம்பந்தமே இல்லை. உப்பு வெட்டும் இடம் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், ஜீலம் ஆற்றுக்கு வடக்கே இருக்கும் உப்பு மலைத்தொடர். அதில் பெரிய சுரங்கம் கேவ்ரா. சுரங்க வாய் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய நம் சேலம் நகரின் உயரம். சிந்து நதிப் பக்கத்து உப்பு என்பதால்தான் வடமொழியில் சைந்தவம், நம் சித்த மருத்துவர் வாயில் இந்துப்பு. பழைய பெயர் இன்றைய லேபிளைவிட நேர்மையானது.

ஆனால் 'இமயமலை' என்பது முழுப் பொய்யும் இல்லை. இமயத்தை உண்டாக்கிய அதே தள்ளல் தெற்கே கடைசியாக வந்து முட்டி நிற்கும் விளிம்பு இந்த உப்பு மலைத்தொடர்தான். உங்கள் கேள்வியை மட்டும் நான் திருப்பிப் போடுவேன். மலை உப்பைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. உப்பின் மேல் வழுக்கித்தான் மலையே அங்கே வந்து சேர்ந்தது. அந்த உப்பு இல்லாவிட்டால் அந்த இடத்தில் மலை இருந்திருக்காது.

முதலில் வயதைப் பார்ப்போம். இந்த உப்பு படிந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலம் தொடங்குவதற்குச் சற்று முன். மீன் இல்லை, மரம் இல்லை, இமயம் என்ற பேச்சே இல்லை. இந்திய நிலப்பகுதி கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் பாகமாக இருந்தது. அதன் ஓரத்தில் ஆழமில்லாத கடல்கள் உள்ளே புகுந்து, வெயிலில் வற்றி, மறுபடி நிரம்பி, மறுபடி வற்றின. தூத்துக்குடி உப்பளப் பாத்தியில் ஒரு பருவத்தில் நடப்பது அங்கே லட்சக்கணக்கான ஆண்டுகள் நடந்தது. ஓமனிலும், ஈரானின் ஹோர்முஸ் பகுதியிலும், ராஜஸ்தானில் பிக்கானேர் பக்கம் பாலைமணலுக்குக் கீழேயும் ஏறக்குறைய அதே காலத்து உப்பு கிடக்கிறது. ஆக, கேவ்ரா தனிப் பாத்தி அல்ல, ஒரு பெரிய உப்பளத்தில் ஒரு மூலை.

அந்த உப்பின் மேல் கேம்பிரியன் மணற்கல் படிந்தது. பிறகு பெர்மியன் காலப் பனியாறுகள் உருட்டிவந்த கற்கள், கடல் சுண்ணாம்புக்கல், கடைசியாக இமயம் எழத் தொடங்கிய பிறகு ஆறுகள் கொட்டிய மணலும் வண்டலும். கிலோமீட்டர் கணக்கில் சுமை. உப்பு அடியில் அமுங்கிக் கிடந்தது.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலப்பகுதியைச் சுமக்கும் பாறைத் தட்டான இந்தியத் தட்டு ஆசியாவை முட்டியது, இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறது. இந்தியத் தட்டு வடக்கே ஆசியாவுக்கு அடியில் நுழையும்போது அதன் மேல் படிந்திருந்த அடுக்குகள் கூடவே உள்ளே போக மறுத்து, தோல் உரிவதுபோல உரிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறின. ஒரு பாறைப் பலகை முறிந்து, சாய்வான முறிவின் வழியே பக்கத்துப் பலகையின் முதுகில் ஏறுவதைத்தான் உந்துப் பிளவு என்கிறோம். சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளுமே, அதைப்போல. கூடவே அடுக்குகள் மடியவும் செய்யும். மடிப்பும் உந்துப் பிளவும் கைகோத்து வரும் மலைகள் உலகில் ஏராளம்: ஆல்ப்ஸுக்கு முன்னால் இருக்கும் ஜூரா, ஈரானின் ஜாக்ரோஸ், இமயத்தின் அடிவாரம்.

சரி, உரிவது எங்கே உரியும்? எந்த அடுக்கு பலவீனமோ அங்கே. இங்கேதான் உப்பு வருகிறது.

ஒரு இந்துப்புக் கட்டியை எடுத்துக் குழவியால் தட்டுங்கள். கண்ணாடிபோலச் சில்லுச் சில்லாக, சதுரச் சதுரமாக உடையும். இவ்வளவு கெட்டியான பொருள் பலவீனமான அடுக்கு என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் உப்பின் குணம் வேகத்தைப் பொறுத்தது. பட்டென்று அடித்தால் கல். மெல்ல அழுத்தி, லட்சம் ஆண்டுகள் விட்டால், இறுகிய வெல்லப்பாகு. படிகத்துக்குள்ளேயே அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். கொஞ்சம் ஈரம் இருந்தால், அழுத்தமான பக்கத்தில் கரைந்து அழுத்தம் குறைந்த பக்கத்தில் மறுபடி படியும். மற்ற பாறைகள் ஆழத்தில் இறுகி வலுவாகும்போது உப்பு மட்டும் சூடேறச் சூடேற இன்னும் இளகும். சுமை எவ்வளவு ஏறினாலும் அது 'பிடித்து' நிற்காது. இந்தக் கடைசிக் குணம்தான் முக்கியம்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சொரசொரப்பான சிமெண்ட் தரையில் ஒரு ஜமக்காளத்தை விரித்து, ஒரு ஓரத்தைக் கையால் தள்ளுங்கள். கைக்கு முன்னால் நாலு சுருக்கம் குவியலாக எழும்பும், எதிர் ஓரம் அசையாது. அதே ஜமக்காளத்தை வழுவழு டைல்ஸ் தரையில், அடியில் கொஞ்சம் பவுடர் தூவிவிட்டு தள்ளுங்கள். முழு ஜமக்காளமும் நகரும். சுருக்கம் விழுந்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக, தள்ளித் தள்ளி விழும். எந்தப் பக்கம் சாய்வது என்றுகூட அதற்குக் கட்டாயம் இல்லை. சில சுருக்கம் முன்னால் கவிழும், சில பின்னால்.

இந்த உவமையில் ஒரு குறை உண்டு. ஜமக்காளத்துக்குக் கனம் ஒரே மாதிரி. மலைக்கு அப்படி இல்லை. அதற்கு ஜேசிபி மண் தள்ளுவதைப் பார்க்க வேண்டும். இரும்புத் தகட்டுக்கு முன்னால் மண் ஆப்பு வடிவில் குவியும். தகட்டுப் பக்கம் உயரம், முன்னால் போகப் போகச் சரிவு. அந்தச் சரிவு ஓர் அளவை எட்டும்வரை மண் உள்ளுக்குள்ளேயே நொறுங்கிக் குவியும். எட்டிய பிறகு முழு ஆப்பும் சறுக்கும். தரை சொரசொரப்பாக இருந்தால் ஆப்பு செங்குத்தாக, நீளம் குறைவாக இருக்கும். தரை வழுக்கினால் தட்டையாக, நீளமாக இருக்கும். 1983இல் டேவிஸ், சுப்பே, டாலன் என்ற புவி ஆய்வாளர்கள் மூவரும் மலைத்தொடர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்து டேவிஸும் எங்கெல்டரும் உப்பு அடியில் இருந்தால் என்னாகும் என்று பார்த்தார்கள். சரிவு ஒரு டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும், மலைப்பட்டையின் அகலம் பல மடங்கு கூடும் என்று விடை வந்தது.

வரைபடத்தை எடுத்து இமயத்தின் தெற்கு விளிம்பைப் பாருங்கள். நேபாளத்தில் அடிவாரக் குன்றுகள் சில பத்து கிலோமீட்டருக்குள் முடிந்து சமவெளி வந்துவிடுகிறது. பாகிஸ்தான் பக்கம் வந்தால் மலைகளுக்குத் தெற்கே போட்வார் என்ற பீடபூமி. ராவல்பிண்டியும் இஸ்லாமாபாத்தும் அதன் வடக்கு ஓரத்தில் இருக்கின்றன. அதன் அகலம் 100 கிலோமீட்டருக்கு மேல். மேற்பரப்பின் சராசரிச் சரிவு கண்ணுக்கே தெரியாத அளவு, ஒரு டிகிரிக்கும் குறைவு. அத்தனை அகலப் பலகையும் அடியிலிருக்கும் உப்பின் மேல் தெற்கு நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. குறைந்தது 20 கிலோமீட்டர் என்று கணக்கு. நடுவில் சோவான் ஆற்றுப் பகுதியில் அடுக்குகள் அகலமான ஒரு கிண்ணமாக வளைந்திருப்பதைத் தவிர அதிகம் கசங்கவே இல்லை. சோற்றுத் தட்டை மேஜையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினால் சோறு கலைவதில்லையே, அப்படி.

உப்பு இருந்தால் மலை உயரமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். நிஜம் நேர்மாறு. உப்பு மலையை அகலமாக்கித் தாழ்த்திவிடும்.

அப்படியானால் ஒரு நியாயமான சந்தேகம் வரும். இவ்வளவு நன்றாக வழுக்கினால், உப்பு மலைத்தொடர் என்று ஒன்று ஏன் எழுந்து நிற்க வேண்டும்? பீடபூமியின் தெற்கு ஓரத்தில், ஜீலம் ஆற்றிலிருந்து சிந்து நதிவரை சுமார் 180 கிலோமீட்டர் நீளத்துக்கு, சகேசர் சிகரத்தில் 1,522 மீட்டர் உயரத்தோடு, ஒரு சுவர் எப்படி வந்தது? உப்பு அங்கேயே தீர்ந்துவிட்டதா? இல்லை. தெற்கே சமவெளி வண்டலுக்கு அடியிலும் உப்பு இருப்பதை ஆழ்துளைகள் காட்டியிருக்கின்றன.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எண்ணெய் தேடுபவர்கள் தரையை அதிரவைத்து, எதிரொலியைப் பதிவுசெய்து அடியில் இருப்பதைப் படமாக்குவார்கள். அப்படி எடுத்த படங்கள் 1980களில் ஆராய்ச்சியாளர் கைக்குக் கிடைத்தன. உப்பு மலையின் வடக்குச் சரிவுக்குக் கீழே, உப்புக்கும் அடியிலுள்ள பழைய பாறைத் தரையில் ஒரு படி தெரிந்தது. சுமார் ஒரு கிலோமீட்டர் உயரமுள்ள படி. வடக்குப் பக்கம் தாழ்வு, தெற்குப் பக்கம் உயர்வு. பழைய பிளவு ஒன்று தரையை அப்படி வெட்டி இறக்கியிருக்கிறது.

இப்போது அந்தச் சோற்றுத் தட்டை நகர்த்திப் பாருங்கள். மேஜையில் வழுக்கிக்கொண்டு வந்த தட்டு, குறுக்கே கிடக்கும் ஒரு புத்தகத்தில் இடிக்கிறது. தள்ளுவது நிற்கவில்லை. தட்டின் முன்விளிம்பு தூக்கிக்கொண்டு புத்தகத்தின் மேல் ஏறுகிறது. அந்தத் தூக்கல்தான் உப்பு மலைத்தொடர். பலகை படியில் ஏறும்போது அதன் அடிப்பாகமான உப்பும் கூடவே ஏறி, மலையின் தெற்கு முகத்தில், அடிவாரத்தில் வெளியே எட்டிப் பார்க்கிறது. நீங்கள் வாங்கும் இளஞ்சிவப்புக் கட்டி உண்மையில் ஒரு பெரிய வழுக்குப் பலகையின் மசகு. வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கியதும் அச்சில் தடவிய கிரீஸ் கண்ணில் படுவதுபோல அது நம் கண்ணில் பட்டுவிட்டது.

இதனால்தான் மலையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. வடக்கிலிருந்து வந்தால் ஏறுவதே தெரியாமல் ஏறிவிடலாம். தெற்கிலிருந்து பார்த்தால் சமவெளியிலிருந்து சட்டென்று எழும் செங்குத்துச் சுவர். 55 கோடி வயது உப்பும் களிக்கல்லும், நேற்று வந்த ஆற்றுச் சரளைக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்பிரூனி இந்தச் சுவரின் மேலிருக்கும் நந்தனா கோட்டைப் பக்கம் நின்று, தொடுவானம் எவ்வளவு கீழே சாய்ந்து தெரிகிறது என்று கோணம் அளந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். அந்த அளவீட்டுக்கு ஒரு பக்கம் உயரமான மலையும், அதன் முன்னால் மேடுபள்ளமில்லாத வெளியும் வேண்டும். உந்துப் பிளவின் முன்விளிம்பு அவருக்கு இரண்டையும் சேர்த்தே கொடுத்தது. மகாபாரதத்தில் யட்சன் தர்மரைக் கேள்வி கேட்ட குளம் என்று வழிவழியாகச் சொல்லப்படும் கடாஸ்ராஜ் கோயில் குளமும் இதே மலைத்தொடரில்தான் இருக்கிறது.

உப்பு வெளியே தெரிவதற்கு இன்னொரு வழியும் உண்டு. அதைத்தான் பலர் உப்பின் ஒரே வேலை என்று நினைக்கிறார்கள். உப்பின் அடர்த்தி சுமார் 2.2, எவ்வளவு ஆழத்தில் புதைத்தாலும் பெரிதாக மாறாது. சுற்றியுள்ள சேறும் மணலும் ஆழத்தில் இறுகி அதைவிடக் கனமாகிவிடும். அப்போது கீழே கிடக்கும் உப்பு, பலவீனமான இடம் பார்த்து மேலே பிதுங்கும். மலைப்பட்டையில் பக்கவாட்டு நெருக்கலும் சேர்ந்துகொள்வதால் வேலை சுலபம். கீழ்வளைவுகளின் அடியிலிருந்து உப்பு வெளியேறி, மேல்வளைவுகளின் வயிற்றில் போய்ச் சேரும். உப்பு மலையின் மேற்கு முனையில், சிந்து நதிக்கரையில் இருக்கும் காலாபாக் அப்படிப்பட்ட இடம். அங்கே மலைப்பலகையின் ஓரம் கிழிந்து பக்கவாட்டில் நகர்ந்த ஒரு பிளவு ஓடுகிறது. அதன் வழியே உப்பு பிதுங்கி ஆற்றங்கரையில் நிற்கிறது. ஈரானின் ஜாக்ரோஸில் இதன் உச்சம்: உப்பு மலையுச்சியைத் துளைத்து வெளியே வந்து, பனியாறு மாதிரியே சரிவில் வழிகிறது. மழை பெய்து நனைந்தால் வேகம் கூடும், காய்ந்தால் குறையும். நம் ஊர் ஐப்பசி மழையில் உப்பு விளக்கு வியர்த்துச் சொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

உப்பின் இந்த ஓட்டக் குணம் பெரிய அறிஞர்களையும் ஏமாற்றியிருக்கிறது. 1878இல் வின் என்ற புவியியலாளர் இந்த மலையைப் பற்றி விரிவான அறிக்கை எழுதியபோது உப்புதான் இங்கே மிகப் பழைய அடுக்கு என்றார். ஆனால் சில இடங்களில் உப்பு, வயதில் மிக இளைய, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஈயோசீன் காலப் பாறைகளோடு ஒட்டிக் கிடந்தது. அப்படியானால் உப்பே ஈயோசீன் காலத்ததாக இருக்கலாம், பழைய கேம்பிரியன் பாறைகள்தான் உந்துப் பிளவு வழியாக அதன் மேல் ஏறி உட்கார்ந்தன என்று வேறு சிலர் வாதிட்டனர். 1940களில் தாவரப் புதைபடிவ அறிஞர் பீர்பல் சாஹ்னி களத்தில் இறங்கினார். அவர் பிறந்த பேரா ஊர் உப்பு மலையிலிருந்து அதிகத் தொலைவில்லை. உப்பையும் கூட இருந்த பாறைகளையும் கரைத்துப் பார்த்ததில் மரத்துணுக்கும் பூச்சித் துணுக்கும் கிடைத்தன. கேம்பிரியனுக்கு முன் மரம் ஏது? எனவே உப்பு ஈயோசீன் என்று சாஹ்னி முடிவுகட்டினார். 1944, 1945இல் இதற்காகவே கருத்தரங்குகள் கூட்டி விவாதித்தார்கள்.

இன்று ஒப்புக்கொள்ளப்படும் விடை வின் சொன்னதுதான். தெற்கே மலையாகாத சமவெளிக்கு அடியிலும் உப்பு கேம்பிரியன் பாறைக்குக் கீழேயே இருக்கிறது. அங்கே ஏறி உட்காரப் பிளவே இல்லை. சாஹ்னி கண்ட துணுக்குகள் பின்னாளில் வெளியிலிருந்து புகுந்தவை என்று கருதப்படுகிறது. உப்பில் தண்ணீர் புகும், கரைக்கும், மறுபடி உப்பு படிந்து மூடிக்கொள்ளும். தடயத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். சாஹ்னியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பழையது இளையதின் மேல் ஏறும் என்ற அவர் தரப்புத் தர்க்கம் உந்துப் பிளவுகளில் முற்றிலும் சரி. அந்த மலை முழுக்க அதற்குச் சாட்சி. அவர்கள் பிளவை ஓர் அடுக்கு மேலே வைத்துவிட்டார்கள். உண்மையான பிளவு உப்புக்கும் கீழே, உப்பையும் சுமந்துகொண்டு ஓடியது.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தப் படங்கள் எல்லாம் கிடைத்ததே அதனால்தான். போட்வாரின் மேல்வளைவுகளில் எண்ணெய் தேங்கியிருக்கிறது. கௌர் என்ற இடத்தில் 1915இலேயே கிடைத்தது. உப்பின் மேல் நகரும் பலகை கசங்கும் இடத்தில் இத்தகைய வளைவுகள் உண்டாகின்றன.

நிலநடுக்கம் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். உப்பு மெல்ல நழுவுவதால், பாறையோடு பாறை இறுகப் பிடித்துக்கொள்ளும் இடங்களைப்போல இறுக்கம் சேர்வதில்லை. இமாச்சலப் பிரதேசத்தில் 1905இல் வந்த காங்ரா நிலநடுக்கத்தைப் போன்ற பேரதிர்ச்சிக்கு வேண்டிய சேமிப்பு உப்புக்கு மேலுள்ள பகுதியில் குறைவு என்பது பொதுக் கருத்து. அதற்காகப் போட்வாரில் நில அதிர்ச்சியே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உப்பு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இல்லை, வடக்கே உப்பில்லாத பிளவுகளும் இருக்கின்றன.

சுரங்கத்தைப் பற்றிச் சுருக்கமாக: அலெக்சாண்டரின் குதிரைகள் கல்லை நக்கியதால் உப்பு கண்டுபிடிக்கப்பட்டது என்பது அங்கே சொல்லும் கதை. தரைமட்டத்திலிருந்து உள்ளே போகும் பெரிய சுரங்கப்பாதையை வார்த் என்பவர் 1872இல் அமைத்தார். பாதி உப்பை வெட்டி எடுத்து, மீதியைத் தூணாக விட்டுவிடுவார்கள், கூரை உட்காராமல் இருக்க. நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரும்பு. 'உடம்புக்கு எண்பத்து நாலு தாதுக்கள்' என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். பெரும்பங்கு சாதா உப்பேதான், அயோடின் சேர்த்ததும் இல்லை.

பாக்கெட் பொடியைவிடக் கட்டியாகவோ விளக்காகவோ இருந்தால் வாங்குங்கள். பின்னால் ஒரு பல்பைப் பிடித்துப் பார்த்தால் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டைகள் தெரியும். வற்றிய கடல் விட்டுச்சென்ற பட்டைகள் அவை. சிவப்பு, கூட வந்த மண். பட்டை நேராக இருந்தால் உங்கள் கட்டி தள்ளலில் அதிகம் மாட்டாத மூலையிலிருந்து வந்தது. வளைந்து, இழுபட்டு, ஓரிடத்தில் தடித்து இன்னோரிடத்தில் நூலாக மெலிந்திருந்தால், மேலே ஒரு பீடபூமி நகர்ந்துபோனபோது அந்தக் கட்டி அடியில் இருந்திருக்கிறது.